ஆலயத்தில் அவர் எழுந்து நடந்தால்...



டிமென்ஷியா எனும் மறதி நோய் கண்ட கணவர் ஆராதனை நடுவே எழுந்து நடக்கலாம். காணிக்கைத் தட்டிலிருந்து பணம் எடுக்கலாம். பக்கத்திலிருப்பவரைக் கடிந்து பேசலாம். இது குணக்கேடு அன்று. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி பாதிக்கப்பட்டால் நாவையும் கையையும் அடக்கும் ஆற்றல் குறைகிறது.

மனைவி கவனிக்க வேண்டியவை:

1. பலர் முன் திருத்தவோ வாதாடவோ வேண்டாம். மெல்லக் கைபிடித்து, வேறு பேச்சுக்கு மாற்றி, வெளியே அழைத்துச் செல்லுங்கள்.

2. வாசலருகே அமருங்கள்.

3. “என் கணவருக்கு மறதி நோய், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றெழுதிய சிறு அட்டையை அருகிலிருப்பவரிடம் காட்டுங்கள்.

4. நடத்தை திடீரென மாறினால் மருத்துவரிடம் செல்லுங்கள். சிறுநீர்த் தொற்றோ வலியோ காரணமாயிருக்கலாம்.

வெட்கத்தால் வீட்டுக்குள் அடைந்துவிடும் மனைவியர் உண்டு. நாம் முகம் சுளிக்காமல் அவர்கள் பக்கத்தில் போய் அமர்ந்தால், அடுத்த ஞாயிறும் இருவரும் வரத் துணிவார்கள்.