வாடகைக்கு வீடு எடுக்க முன்: திறப்பு வைத்திருப்பவர் எல்லோரும் உரித்தாளர் அல்லர்

சொந்த வளவில் வீடு திருத்தி முடியும் வரை, ஊர் திரும்பும் பல குடும்பங்கள் கரவெட்டி, நெல்லியடிப் பக்கங்களில் வாடகை வீடு தேடுகின்றன. பூட்டிக் கிடக்கும் வீடுகள் பலவற்றின் உரித்தாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். சில வீடுகள் கடனுக்காக வங்கியில் ஈடு வைக்கப்பட்டவை. இந்த நிலைமையைப் பயன்படுத்தி, உரிமையில்லாத ஒருவர் உங்களிடம் முற்பணம் வாங்கிவிட்டு மறைந்துவிடலாம். பணமும் போய், வீடும் போனால் மறுபடியும் இடம்பெயர வேண்டிவரும். ஆகவே பணம் கொடுக்க முன் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. வீடு யாருடைய பெயரில் உள்ளது?

உறுதியின் பிரதியைக் கேட்டு, அதிலுள்ள பெயரை அடையாள அட்டையுடன் ஒப்பிடுங்கள். எங்கள் பகுதியில் சீதனமாக எழுதிய வீடுகள் பெண்ணின் பெயரிலேயே இருக்கும். வீட்டைக் காட்டும் கணவரோ சகோதரரோ அதன் உரித்தாளர் அல்லர். மின்பட்டியலும் சோலைவரிப் பற்றுச்சீட்டும் உரித்துக்குச் சான்று அல்ல. அயலவரிடமும் கிராம அலுவலரிடமும் விசாரியுங்கள்.

2. வேறொருவருக்காகப் பேசுகிறாரா?

அப்படியானால் அற்றோணித் தத்துவத்தைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டைப் பராமரிக்க மட்டும் எழுதப்பட்டதா, வாடகைக்குக் கொடுக்கவும் பணம் பெறவும் அதிகாரம் உண்டா என்று வாசியுங்கள். அதை எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். எனவே உரித்தாளருடன் நேரே தொலைபேசியில் பேசுங்கள். அவருடைய இலக்கத்தைத் தரகரிடம் அல்ல, ஊரிலுள்ள உறவினரிடம் பெறுங்கள்.

3. வீடு ஈட்டில் இருக்கிறதா?

1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி, கடன் கட்டப்படாவிட்டால் வங்கி வழக்குப் போடாமலே, தனது பணிப்பாளர் சபையின் தீர்மானத்தின் பேரில் ஈட்டு வீட்டை ஏலத்தில் விற்கலாம். அந்தத் தீர்மானம் அரச வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் வெளிவரும். விற்கப்படப் போகும் வீட்டை "மலிவு வாடகை, ஒரு வருடப் பணம் முன்கூட்டியே" என்று கொடுக்க முனைபவர்களிடம் கவனமாயிருங்கள். காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தித் தோம்பைப் பார்வையிட்டால், பதியப்பட்ட ஈடு தெரியவரும். தேவையான பதிவு விபரம் உறுதியில் இருக்கும். ஒரு நொத்தாரிசு மூலமும் இதைச் செய்விக்கலாம்.

4. எழுத்தில் செய்யுங்கள்

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தவணைக்குச் செய்யும் குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்படாவிட்டால் செல்லுபடியாகாது. வெற்றுத்தாளில் ஒப்பமிட வேண்டாம். பணத்தை உரித்தாளரின் வங்கிக் கணக்கிலேயே வைப்பிடுங்கள். கையில் கொடுத்தால் திகதி, தொகை, வீட்டின் விபரம் எழுதிய பற்றுச்சீட்டுப் பெறுங்கள்.

5. குடியிருக்கும்போது புதியவர் ஒருவர் வந்தால்

"வீடு இப்போது என்னுடையது, வாடகையை எனக்குத் தாருங்கள்" என்று ஒருவர் சொன்னால், எழுத்துமூல ஆதாரம் கேளுங்கள். அதுவரை எவருக்கும் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். வங்கி ஏலத்தில் வாங்கியவரும் மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளை பெற்றே உங்களை வெளியேற்றலாம். கரவெட்டிக்கு அது பருத்தித்துறையில் உள்ளது. வெறும் மிரட்டலுக்குப் பயந்து வெளியேறாமல், சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள்.

ஏமாற்றப்பட்டுவிட்டால், பற்றுச்சீட்டு, தொலைபேசி இலக்கம், சாட்சிகளின் பெயர் ஆகியவற்றுடன் உடனே பொலிசில் முறையிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், அதே வீட்டைக் காட்டி இன்னொரு குடும்பத்திடமும் பணம் வாங்குவார்கள்.

குடும்பத்துடன் பேசிப் பாருங்கள்

• உறுதியில் யாருடைய பெயர் உள்ளது? அவருடன் பேசினோமா?
• தோம்பில் ஈடு பதியப்பட்டுள்ளதா?
• பணம் யாருடைய கைக்குப் போகிறது? அதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது?

மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரை முற்பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். "இன்றைக்கே தராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்" என்று அவசரப்படுத்தும் வீட்டை விட்டுவிடுங்கள்.