பாச்சலூர் மலையில் கூடாரம்: எது, எங்கிருந்து வந்தது?

கேள்வி: வார இறுதி வந்தால் பழனி மலையில் பாச்சலூர் பக்கம் காப்பித் தோட்டங்களின் ஓரத்தில் கலர் கலராகக் கூடாரங்கள் தெரிகின்றன. வீடு வாசல் இருக்க, மலையில் போய்த் துணிக்குள் படுத்துத் தூங்கும் இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தது யார்? (ஒட்டன்சத்திரம் வாசகர்)

பதில்: ஓய்வுக்காகக் கூடாரம் போடுவதற்கு ஒரு மூலவரைக் காட்டச் சொன்னால், இங்கிலாந்தில் தையல் தொழில் செய்த தாமஸ் ஹிராம் ஹோல்டிங்கைக் காட்டுவார்கள். 1853-இல், சின்னப் பையனாக இருந்தபோது, குடும்பத்தோடு அமெரிக்கப் புல்வெளிகளை வண்டித்தொடரில் கடந்தவர் அவர். அந்த ருசி கடைசிவரை விடவில்லை. சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும் அளவுக்கு எடை குறைந்த கூடாரங்களை வடிவமைத்தார். 1901-இல் அப்படிப் போகிறவர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1908-இல் கையேடும் எழுதினார். இடையில் 1907 ஆகஸ்டில் பேடன் பவல் பிரவுன்சீ தீவுக்குச் சுமார் இருபது சிறுவர்களைக் கூட்டிப்போய்த் தங்கவைத்தார். சாரணர் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. நம் ஊர்ப் பள்ளிகளில் பலர் முதன்முதலாகக் கூடாரத்துக்குள் படுத்தது அந்த இயக்கத்தின் முகாம்களில்தான்.

ஆனால் காட்டில் முகாம் போடும் கலை கடல் தாண்டி வந்தது என்று முடித்துவிட எனக்குச் சம்மதமில்லை. பத்துப்பாட்டில் வரும் முல்லைப்பாட்டை எடுத்துப் பாருங்கள். 103 அடிதான். அதில் ஒரு முழுப் பாசறை இருக்கிறது. காட்டைத் திருத்தி இடம் பண்ணுகிறார்கள், சுற்றிலும் முள்வேலி போடுகிறார்கள், வீரர்களுக்குத் தழை வேய்ந்த குடில்கள் வரிசையாக எழுகின்றன. அரசனின் இருப்பிடத்தை அமைத்தவர்கள் யவனர்கள். நீர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல ஆள் உண்டு, இரவில் விளக்கணையாமல் எண்ணெய் வார்க்கப் பெண்கள் உண்டு. அங்கே படுத்தவன் போருக்குப் போனவன். மனைவி வீட்டில் காத்திருக்கிறாள். பிழைப்புக்காகவும் போருக்காகவும் வெளியில் படுத்த மனிதன், மனசு ஆறுவதற்காக வெளியில் போய்ப் படுத்தது ஆலைப்புகை சூழ்ந்த நகரங்கள் வந்த பிறகு. ஹோல்டிங்கின் காலம் அது.

கேள்வி: மலையேறுகிறவர்களுக்கென்று முதலில் வழிகாட்டி நூல் எழுதியது யார்? (பழனி வாசகி)

பதில்: உலகத்துக்கே முதல் எது என்று சொல்வது கடினம். தமிழுக்கு எது என்று எனக்குச் சந்தேகமே இல்லை: மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி, பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். செங்கத்துத் தலைவன் நன்னனைப் பார்த்துப் பரிசு பெறப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு, ஏற்கெனவே போய் வந்த ஒருவர் வழி சொல்கிறார். இலக்கியம் என்று பாடத்தில் படித்துக் கடந்துபோகிறோம். மலையில் நடந்த கால்களோடு படித்தால் ஒவ்வொரு வரியும் உறைக்கும்.

பன்றிக்கு அஞ்சித் தினைப்புனங்களில் பெரிய கல்பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் நடக்காதீர்கள், தங்கி விடிந்தபின் போங்கள் என்கிறார். பாம்பு ஒடுங்கும் குழிகள் கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கிடக்கும். புனங்காப்போர் கவணிலிருந்து கல் விசையோடு வரும், மரத்தை மறைவாக வைத்துக்கொண்டு நகருங்கள். வழுக்குகிற இடத்தில் கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள். இருட்டிவிட்டதா, சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோலக் கல்குகைக்குள் போய்த் தங்குங்கள்.

எனக்கு மிகப் பிடித்த இரண்டு அறிவுரைகள் இதற்கும் மேலே. ஒன்று: திக்குத் தெரியாமல் போய்விட்டால் அலையாதீர்கள், அகன்ற பாறை ஒன்றில் எல்லோரும் சேர்ந்து இருந்து உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், சத்தம் கேட்டுக் கானவர்கள் ஓடி வந்து பழமும் பூவும் காட்டி வழி நடத்துவார்கள். இன்று மலையேற்றப் பயிற்சியில் விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டி, வழி தப்பினால் வெட்டவெளியில் நின்று ஊது என்று சொல்லித் தருவதும் இதையேதான். இரண்டு: வழி பிரியும் இடத்தில், பின்னால் வரும் புது ஆட்கள் மயங்காமல் இருக்க, தரையைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள். பாறைக்குப் பாறை பெயின்ட் அடித்து அம்புக்குறி போடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். முடிந்த புல் ஒரு மழைக்காலத்தில் மறைந்துவிடும். பெயின்ட் போகாது.

கேள்வி: பழனி மலையில் ரோடு வருவதற்கு முன் எப்படிப் போய் வந்தார்கள்? (வத்தலக்குண்டு வாசகர்)

பதில்: கால்நடையாக. இந்த மலைக்கு மனிதக் காலடி மிகப் பழையது. தாண்டிக்குடிப் பக்கம் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. ஆங்லாட், நியூட்டன் என்ற இரண்டு ஏசுசபைப் பாதிரியார்கள் பழனி மலைக் கல்திட்டைகளைத் தேடி நடந்து பார்த்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. பளியர் என்ற மலைவாழ் மக்கள் ஒருகாலத்தில் மழைக்கும் பனிக்கும் ஒதுங்கி வாழ்ந்த பாறைக்குகைகளும் இந்த மலையில் உண்டு.

ஐரோப்பியர்களில் முதலில் முறையாக அளந்து குறித்தவர் லெப்டினன்ட் வார்டு, ஆண்டு 1821. சமவெளியில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845-இல் கொடைக்கானலில் இரண்டு பங்களா கட்டினார்கள். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, வெள்ளகவி, செண்பகனூர் வழியாக ஏற வேண்டும். வசதியுள்ளவர்களை டோலியிலும் நாற்காலியிலும் வைத்துத் தூக்கிப்போனார்கள். தூக்கியவர்களுக்கு அது மலையேற்றமும் இல்லை, உல்லாசமும் இல்லை, கூலி. கொடைக்கானலின் பழைய கதையைச் சொல்கிறவர்கள் பங்களா கட்டியவர் பெயரைச் சொல்லிவிட்டு, தோளில் சுமந்தவர்களை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. கொடைக்கானலுக்கு லாஸ் காட் ரோடு 1914 வாக்கில் வந்த பிறகு அந்த வெள்ளகவி நடைபாதையில் ஆள் குறைந்தது. வெள்ளகவிக்கு நெடுங்காலம் பொதிக்குதிரைதான் சாமான் கொண்டுபோனது.

கேள்வி: தூங்கும் பை, பம்பு அடுப்பு இவை எங்கிருந்து வந்தன? (திண்டுக்கல் மாணவர்)

பதில்: உள்ளே நுழைந்து படுக்கும் பையை வியாபாரச் சரக்காக்கியவர் வேல்ஸ் நாட்டின் பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ், 1876-இல் காப்புரிமை வாங்கினார், ரஷ்ய ராணுவத்துக்குப் பெரிய அளவில் விற்றார். மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ் சுவீடனின் லிண்ட்க்விஸ்ட் 1892 வாக்கில் உண்டாக்கியது. தென்துருவத்துக்கும் எவரெஸ்டுக்கும் போன அதே அடுப்புதான் காஸ் சிலிண்டர் வரும்வரை நம் அம்மாக்களின் அடுப்படியில் இரைந்துகொண்டிருந்தது. மலைப்பாதைத் தடிக்கு மட்டும் வெளிநாட்டுக் காப்புரிமை தேட வேண்டாம். வெள்ளியங்கிரி ஏறுகிறவர் கையில் இருக்கும் மூங்கில் போதும்.

கேள்வி: பாச்சலூர்க் காட்டுக்குள் பிடித்த இடத்தில் கூடாரம் போடலாமா? அனுமதி என்ற வழக்கம் எப்போது வந்தது? (மதுரை வாசகர்)

பதில்: போடக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். பழனி மலைக் காடுகளில் ஒரு பெரிய பகுதி 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆனது. பட்டா நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தங்குவதுதான் வழி. மிளகுக்கொடி படர்ந்த மரங்களும் காப்பிச் செடியும் வாழையும் இருப்பதால் அது தோட்டம் என்று நினைத்துவிடுகிறோம். யானைக்கும் காட்டுமாட்டுக்கும் அது நடமாடும் தடம். இருட்டியபின் கூடாரத்தை விட்டு உலாவப் போகக் கூடாது.

மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்ததற்குக் காரணம் ஒரு துயரம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயதினர். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அந்த வழிகாட்டிகளில் பலர் மலைவாழ் இளைஞர்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பாதை அதில் இருக்கிறது. தீப்பிடிக்கும் பருவத்தில் இந்தப் பாதைகளை மூடிவைக்கிறார்கள். அது சரியான முடிவு, முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாசி, பங்குனியில் பாச்சலூரில் தங்க நேர்ந்தால் குளிர்காயக்கூடத் தீ மூட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கம் விடாமல் பெய்யும், கூடாரம் தாங்காது, அட்டையும் ஏறும். மார்கழிக் கடைசியிலோ தையிலோ போங்கள். பனி அதிகம், கம்பளி ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.