இடம் மாறி வளரும் எலும்பு

வளர்ந்த மனித உடலில் எத்தனை எலும்புகள் என்று கேட்டால், 206 என்று நாம் உடனே விடை கூறிவிடுவோம். இந்தக் கணக்கில் சேராத எலும்பும் சிலருக்கு உண்டாகிறது. அதுவும் வயிற்றில்! கேட்கவே வியப்பாக இருக்கிறதல்லவா? மருத்துவர்கள் இதனை 'ஹெட்டரோடோபிக் ஆசிஃபிகேஷன்' என்பர். எலும்பு இருக்கக் கூடாத இடத்தில் எலும்பு உண்டாதல் என்பது இதன் பொருள்.

விபத்திலோ அறுவைச் சிகிச்சையிலோ வயிறு காயமுற்றால், அதை ஆற்றப் புதிய செல்கள் பெருகுகின்றன. வழக்கமாக இவை நார்த்தழும்பை உண்டாக்கும். மிகச் சிலரிடம் மட்டும் இவை எலும்புச் செல்களாக மாறிவிடுகின்றன. இது வெறும் சுண்ணாம்புப் படிவு அன்று. மஜ்ஜையும் இருக்கக்கூடிய உண்மையான எலும்பே ஆகும்.

1965-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்பைப் பிராணிகளின் தசைக்குள் வைத்துப் பார்த்தார். அங்கே புதிய எலும்பு வளர்ந்தது! எலும்பை வளரத் தூண்டும் புரதங்கள் உண்டு என்பதை அறிய இச்சோதனையே வழி வகுத்தது.

வயிற்றில் இந்நிலை இரு வகைப்படும். முதல் வகை, அறுவைத் தழும்பிலே தோன்றுவது. தழும்பு கல் போலாகி, குனியும்போது வலிக்கலாம். புற்றுநோயோ என்று நோயாளி அஞ்சுவார்; பெரும்பாலும் அவ்வளவு ஆபத்தில்லை. இரண்டாவது, குடலைத் தாங்கும் சவ்வில் தோன்றுவது. பலத்த காயத்திற்கோ, பலமுறை செய்த அறுவைக்கோ பின் சில வாரங்களில் இது வரலாம். குடல் அடைபட்டு, வாந்தியும் வயிற்று உப்புசமும் ஏற்படும். சி.டி. ஸ்கேன் படம் இதனைக் காட்டிக் கொடுக்கும்.

வெட்டி எடுத்துவிட்டால் என்ன என்று நாம் கேட்கலாம். அங்குதான் சிக்கல்! வெட்டுவதும் ஒரு காயமே. அதனால் மேலும் எலும்பு வளரக்கூடும். ஆகவே உயிருக்கு ஆபத்தில்லையெனில், குடலுக்கு ஓய்வளித்து, ஊசி வழியே சத்துணவு செலுத்தி, மருத்துவர்கள் பொறுத்திருப்பதுண்டு. குடல் முற்றிலும் அடைபட்டாலோ, துளை விழுந்தாலோ, துணிந்து அறுவை செய்தே ஆக வேண்டும்.

தோழியரே! காயத்தை ஆற்றும் ஆற்றலே சில வேளை எல்லை மீறித் துன்பம் தருகிறது. நம் வீட்டில் எவருக்கேனும் பழைய தழும்பு கல்லாக இறுகினால், அஞ்சி மறைக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொல்வோம்.