தினம் எத்தனை முறை குளிப்பது? முல்லைவாயிலில் கிடைத்த பதில்!

மார்கழி மாதம். விடியற்காலை நான்கு மணி. அம்பத்தூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். மாமியார் குளித்துக்கொண்டிருப்பார். மொட்டை மாடித் தொட்டியில் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த தண்ணீர். வெந்நீர் வைத்துத் தருகிறேன் என்றால் கேட்க மாட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு.

அதோடு முடிந்ததா? வாசலில் காய்கறி வண்டிக்காரரிடம் பேசிவிட்டு வந்தால் ஒரு குளியல். சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன்பு இன்னொரு குளியல். ஒவ்வொரு முறையும் சோப்பு வேறு. தை பிறப்பதற்குள் அவருடைய கால் முழுக்க வறண்டு, செதில் செதிலாக வெடித்து, சொறிந்து சொறிந்து ரத்தமே வந்துவிட்டது.

தோல் டாக்டர் பார்த்தார். “ஒரு நாளைக்கு ஒரு தடவை குளிச்சாப் போதும்மா. வெதுவெதுப்பான தண்ணி. சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் இங்கே மட்டும். குளிச்சு முடிச்சதும் ஈரம் காயறதுக்கு முன்னாடி தேங்காய் எண்ணெய் தடவிக்கோங்க” என்றார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் என்னைக் கேட்டார்:

“குளிக்காம விளக்கேத்தச் சொல்றாரா அந்த டாக்டர்?”

அவருடைய கண்ணில் தண்ணீர். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அறுபது வருடமாக விளக்கேற்றிய கை அது. உடம்புக்காக அதை விட்டுவிடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

இந்தத் தவிப்பு எங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ‘தலைவலி, ஜுரம், குளிக்க முடியவில்லை; பூஜை அறைக்குள் போகலாமா?’, ‘காலையில் குளித்தாயிற்று, சாயங்காலம் கோயிலுக்குப் போக மறுபடியும் குளிக்க வேண்டுமா?’ என்று தோழிகள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். எங்களுக்கு விடை கிடைத்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்குத் திதி, தர்ப்பணத்துக்கு வரும் சாஸ்திரிகளிடம் மாமியாரே விஷயத்தைச் சொன்னார். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “பாட்டி, நீங்க திருமுல்லைவாயில் போயிருக்கேளோ?” என்றார்.

போகாமல் இருப்போமா! அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில்தானே இருக்கிறது மாசிலாமணீஸ்வரர் கோயில். பௌர்ணமி வெள்ளிக்கிழமைகளில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், முல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசித்த காலம் மாமியாருக்கு உண்டு.

“அங்கே மூலவருக்கு என்ன விசேஷம், சொல்லுங்கோ.”

“சந்தனக்காப்பு” என்றார் மாமியார்.

அந்தத் தல வரலாறு தெரியாத வாசகியருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொண்டைமான் மன்னர் குறும்பர்களோடு போரிட வந்தபோது, அவருடைய யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கிக்கொண்டது. மன்னர் வாளால் கொடியை வெட்டினார். கொடிக்குள்ளிருந்து ரத்தம்! பதறிப்போய் விலக்கிப் பார்த்தால், வெட்டுப்பட்ட சிவலிங்கம். மன்னர் தன் தலையையே வெட்டிக்கொள்ளத் துணிந்தபோது ஈசன் காட்சி தந்து, ‘வெட்டுப்பட்டாலும் நான் மாசில்லாத மணியே’ என்று அருளினார் என்கிறது தல புராணம். மன்னருக்குத் துணையாக நந்தியையும் அனுப்பி வைத்தாராம். அதனால்தான் இங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல், போருக்குப் புறப்பட்ட கோலத்தில் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறார். போரில் வென்று கொண்டுவந்த இரண்டு வெள்ளெருக்குத் தூண்களை இன்றும் சந்நிதியில் பார்க்கலாம். சுந்தரர் தேவாரம் பாடிய தலம் இது.

வெட்டுப்பட்ட திருமேனி அல்லவா? அதனால் மற்ற சிவாலயங்களைப் போல மூலவரின் பாணத்துக்கு அன்றாடம் அபிஷேகம் கிடையாது. காயம் குளிர வேண்டும் என்று வருடம் முழுவதும் சந்தனக்காப்பு. சித்திரை மாதம் சதய நட்சத்திரத்தை ஒட்டித்தான் பழைய சந்தனத்தைக் களைவார்கள். அப்போது மட்டுமே அவருடைய நிஜ உருவத்தைப் பார்க்க முடியும். அபிஷேகப் பிரியர் என்று நாம் கொண்டாடும் சிவனுக்கே இங்கே இந்த ஏற்பாடு!

சாஸ்திரிகள் மாமியாரின் காலைக் காட்டிச் சொன்னார்: “காயம் பட்ட மேனின்னா, சுவாமிக்கே தண்ணி வேண்டாம், சந்தனம் போதும்னு வெச்சிருக்கா. உங்க காலுக்கு மட்டும் ஏன் பாட்டி இந்த தண்டனை?”

மாமியார் பதிலே பேசவில்லை.

அன்று சாஸ்திரிகள் விவரமாகச் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். தர்ம சாஸ்திரங்களில் குளியலை நித்தியம், நைமித்திகம், காம்யம் என்று பிரிக்கிறார்கள். அன்றாடக் குளியல் நித்தியம். சாவு வீட்டுக்குப் போய் வந்தால், கிரகணம் பிடித்து விட்டால், முடி வெட்டிக்கொண்டால் குளிப்பது நைமித்திகம், அதாவது ஒரு காரணத்தால் வருவது. தை அமாவாசைக்குத் திருவள்ளூர் ஹ்ருத்தாபநாசினி தீர்த்தத்தில் நீராடுவது போல, பலனை விரும்பிச் செய்வது காம்யம். காரணமே இல்லாமல், மனம் சமாதானம் ஆகவில்லை என்பதற்காக நாலாவது தடவை குளிப்பது இந்த மூன்றில் எதில் சேரும்? (இதை நான் மனதுக்குள்தான் கேட்டுக்கொண்டேன்!)

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். ஸ்நானம் என்பது தண்ணீரில் குளிப்பது மட்டுமே இல்லையாம். ஏழு வகை உண்டாம். தண்ணீரில் குளிப்பது வாருண ஸ்நானம். உடம்பு முடியாதவர்கள் மந்திரம் சொல்லித் தலையில் நீரைத் தெளித்துக்கொண்டால் அது மாந்த்ர ஸ்நானம். விபூதியை உடம்பில் பூசிக்கொள்வது ஆக்நேய ஸ்நானம். புனிதமான மண்ணைப் பூசிக்கொள்வது பௌமம். பசுக்களின் குளம்படித் தூசி மேலே படும்படி நிற்பது வாயவ்யம். வெயில் காயும்போதே தூறும் மழையில் நனைவது திவ்யம். ஒன்றுமே முடியாமல் படுத்த படுக்கையாக இருப்பவர் பகவானை மனதில் நினைத்தாலே போதும், அது மானஸ ஸ்நானம். இது தவிர, கழுத்து வரை மட்டும் குளிக்கும் கண்ட ஸ்நானமும், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்ளும் கபில ஸ்நானமும் உண்டு. முடியாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் துடைத்துவிடுகிறாரே, அதற்கு சாஸ்திரத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது!

இதையெல்லாம் சோம்பேறித்தனத்துக்கு வழி என்று எடுத்துக்கொண்டு, நல்ல உடம்போடு இருப்பவர்கள் குளிக்காமல் விபூதியைப் பூசிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. இது இயலாதவர்களுக்கு வைத்த கதவு. என் பிள்ளைக்கு இதை இரண்டு முறை சொல்லியாயிற்று.

மாங்காட்டையும் நினைத்துப் பாருங்கள். பூந்தமல்லிக்குப் பக்கத்தில்தான். அங்கே காமாட்சியின் சந்நிதியில் ஆதிசங்கரர் பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லப்படும் அர்த்தமேரு, எட்டு வகை மூலிகைகளால் ஆனது. அதனால் அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனைதான். ஸ்ரீரங்கத்துப் பெரிய பெருமாள் சுதையால் ஆன திருமேனி. அவருக்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்புதான். எந்தத் திருமேனிக்கு எது ஒத்துக்கொள்ளுமோ அதைத்தான் பெரியவர்கள் விதித்திருக்கிறார்கள். கல்லுக்கு ஒன்று, மூலிகைக்கு ஒன்று, சுதைக்கு ஒன்று என்று இருக்கும்போது, எழுபத்தெட்டு வயதுத் தோலுக்கும் பதினெட்டு வயதுத் தோலுக்கும் ஒரே கணக்கு எப்படி ஒத்துவரும்?

சரி, நம் ஊர் வெயிலுக்கு எத்தனை முறைதான் குளிக்கலாம்? டாக்டர்கள் சொல்வதையும் என் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். பெரும்பாலான வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. அது உப்பும் தண்ணீரும்தான். அக்குளிலும் இடுக்குகளிலும் சுரக்கும் கெட்டியான வியர்வையைக் கிருமிகள் சிதைக்கும்போதுதான் வாடை வருகிறது. ஆகவே முழு உடம்புக்கும் சோப்பைத் தேய்த்துத் தள்ளுவதைவிட, அந்த இடங்களைச் சுத்தம் செய்து ஈரமில்லாமல் துடைத்து, துவைத்த உள்ளாடை போடுவதுதான் புத்துணர்ச்சி தரும். நம் முன்னோர் குளியலையும் கசக்கிக் கட்டுவதையும் ஒரே பழமொழியில் சேர்த்து வைத்தது சும்மா இல்லை!

சென்னைப் புழுக்கத்துக்கு வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குளியல் போதும். சித்திரை, வைகாசியில் இரண்டாவது குளியல் சுகம்தான். ஆனால் அதற்குச் சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து எண்ணெயும் இரும்புத் தூசியுமாக வருகிற உங்கள் வீட்டுக்காரர், காலையில் குளித்திருந்தாலும் வந்ததும் குளிக்கத்தான் வேண்டும். வயதானவர்களுக்குத் தோலில் எண்ணெய்ப் பசை குறைந்துவிடும். அவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளித்துவிட்டு, மற்ற நாளில் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டாலும் தவறில்லை. சர்க்கரை நோய் இருந்தால் கால் விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால், வெந்நீரின் சூட்டை வேறொருவர் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

தலைக்குத் தினமும் ஷாம்பு போட வேண்டாம். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்கு புதன், சனி என்று எண்ணெய்க் குளியலை வைத்தபோதே வாரம் இரண்டு முறை என்ற கணக்கு வந்துவிடுகிறது. ஆத்திசூடியில் ஔவையார் சொன்ன சனி நீராட்டுக்குச் சனிக்கிழமைக் குளியல் என்றும், குளிர்ந்த நீரில் குளிப்பது என்றும் இரண்டு விதமாகப் பொருள் சொல்வார்கள். எண்ணெய்க் குளியல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

தண்ணீரையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். ஒரு வாளி என்பது பதினைந்து, இருபது லிட்டர். ஷவரைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் நின்றால் சாதாரணமாக எண்பது, நூறு லிட்டர் போய்விடும். 2019-ம் ஆண்டு கோடையை நாம் மறக்க முடியுமா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நம் பக்கத்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 50 வேகன், சுமார் 25 லட்சம் லிட்டர். அதே ஜூலையில்தான், நாற்பது ஆண்டுகள் அனந்தசரஸ் குளத்து நீருக்குள் இருந்த அத்திவரதர் வெளியே வந்து காஞ்சியில் 48 நாட்கள் தரிசனம் தந்தார். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றபடியே நாங்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அந்த மாதங்களில் எங்கள் தெருவில் பலர் அரை வாளியில் குளித்தார்கள். சில நாள் துடைத்துக்கொண்டதோடு சரி. யார் வீட்டிலும் விளக்கு எரியாமல் இல்லை.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். சாஸ்திரிகள் போன பிறகு இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை, “வெந்நீர் வைம்மா” என்றார். சாயங்காலம் கை, கால், முகம் கழுவி, வேறு புடவை மாற்றி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு விளக்கேற்றினார். கை கொஞ்சம் நடுங்கியது. ஆறு வாரத்தில் கால் புண் ஆறிவிட்டது.

அந்த வருடம் சித்திரை சதயத்துக்கு முல்லைவாயில் போக வேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்தார். ஆட்டோவில் அழைத்துப் போனேன். நல்ல கூட்டம், நல்ல வெயில். சந்தனம் களைந்த திருமேனியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு உடம்பெல்லாம் வியர்வை. துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனேன்.

“கோயிலுக்குப் போயிட்டு வந்த உடனே குளிக்கக் கூடாதும்மா” என்றார் மாமியார். “வா, ஃபேனுக்குக் கீழ உக்காரு.”