திரை இருண்டால் கணக்கு போயிற்றா?

நம் மளிகைக் கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் லேப்டாப் வந்து உட்கார்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. பில், பாக்கிப் பட்டியல், கொள்முதல் விவரம் எல்லாம் அதற்குள்தான். தாம்பரம் சண்முகம் ரோட்டில் மாலைக் கூட்டத்தில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது திரை திடீரென்று இருண்டு, சற்று நேரம் கழித்துத் தானாகவே வந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அந்தப் பயத்தோடு பழுது பார்ப்பவரிடம் போனால், 'போர்டு போய்விட்டது' என்று யாராவது சொல்வதை மறுபேச்சின்றி நம்பிவிடுகிறோம். கடையிலேயே பத்து நிமிடம் கவனித்துப் பார்த்தால் இந்தச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

திரை வேறு, கணக்கு பதிந்திருக்கும் டிஸ்க் வேறு. திரை இருண்டதால் கணக்கு அழிந்துவிடாது. ஆனாலும் முதல் தடவை இருண்ட அன்றே கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்துவிட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதி 3பி என்று கெடு இருக்கிறது. (ஜி.எஸ்.டி. வரி 2017 ஜூலையில்தான் வந்தது, நம் ஜி.எஸ்.டி. ரோடு அதற்கு எவ்வளவோ மூத்தது!) வருடாந்திரக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதும் சட்டம். நகல் எடுத்த பென் டிரைவை லேப்டாப்பிலேயே செருகி வைக்காமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இனி பழுதைப் பார்ப்போம். திரை இருண்டிருக்கும்போது கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதற்குரிய சிறு விளக்கு எரிந்து அணைந்தால் இயந்திரம் உயிரோடுதான் இருக்கிறது. விளக்கும் இல்லை, உள்ளே காற்றாடிச் சத்தமும் இல்லை என்றால் மின்சாரத்தையோ சூட்டையோ சந்தேகிக்க வேண்டும். மாவும் மிளகாய்த்தூளும் பறக்கும் கடையில் காற்றுப் போகும் துளை அடைத்துக்கொண்டு, சூடு தாங்காமல் இயந்திரம் நின்றுவிடுவது உண்டு. துளையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சாக்கு மேல் வைத்து வேலை செய்யாதீர்கள். கரண்ட் போகும் அதே நொடியில் அணைந்தால் பேட்டரி வயதாகிவிட்டது என்று பொருள்.

இயந்திரம் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் டார்ச் விளக்கைத் திரையின் மீது சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் படம் வருகிறது, திரைக்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் எரியவில்லை. அடுத்ததாக, எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்றால் டி.வி.யோடு இணையுங்கள். டி.வி.யில் படம் தொடர்ந்து ஒழுங்காக வந்தால் 'போர்டு போய்விட்டது' என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் இடமில்லை. அன்றைய வியாபாரத்தையும் டி.வி.யை வைத்தே ஓட்டிவிடலாம்.

மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கும்போது படம் வந்து வந்து போகிறதா? அப்படியானால் கீல் வழியாகத் திரைக்குப் போகும் கேபிள் தேய்ந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். நாளுக்கு இருபது முறை திறந்து மூடும் கடை லேப்டாப்பில் இது எதிர்பார்க்க வேண்டிய பழுதுதான். 2011 முதல் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளில் சில இன்று அப்பாவின் கடையில் பில் போடுகின்றன. அந்த வயதுள்ளவற்றில் கீலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கேபிள் மாற்றுவது புதுத் திரை போடுவதைவிட மலிவு.

செலவே இல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது. மூடியிருப்பதை லேப்டாப் அறிவது பல மாடல்களில் ஒரு சிறு காந்தத்தால். கீபோர்டின் ஓரத்தில் வேறு காந்தம் பட்டாலும் மூடிவிட்டதாக எண்ணித் திரையை அணைத்துவிடும். காந்தப் பூட்டு வைத்த செல்போன் உறை, பணம் வந்ததைச் சொல்லும் யு.பி.ஐ. ஒலிப்பெட்டி ஆகியவற்றில் காந்தம் உண்டு. அவற்றை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

சில சமயம் மென்பொருளும் காரணமாகலாம். விண்டோஸ் 10, 11 உள்ளவற்றில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு பி எழுத்தைத் தட்டினால் திரை டிரைவர் புதிதாகத் தொடங்கும். உடனே படம் திரும்பினால் அந்த டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். இத்தனை நிமிடம் கழித்து அணை என்ற பவர் செட்டிங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரையே மாற்ற வேண்டியதாகிவிட்டால், அதன் முதுகில் ஒட்டியுள்ள மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் விலை விசாரிக்க அந்த எண்தான் வேண்டும். அளவு ஒன்றாயிருந்தாலும் பின் 30, 40 என்று மாறுபடும். பழைய திரையைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணை எழுதச் சொல்லுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்கள் கடைக்கான இந்தச் செலவின் வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.