இதயத்துக்குள் போகும் முன் கணினியில் ஓர் ஒத்திகை

இளைஞர்களே, வீட்டில் தாத்தாவோ பாட்டியோ "நெஞ்சு படபடன்னு அடிக்குதுய்யா" என்று சொன்னால், "வயசாச்சுல்ல" என்று விட்டுவிடாதீர்கள். அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்பாக இருக்கலாம். இந்நோய் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு.

சிக்கல் எங்கே?

இதயத்தின் இடது மேலறையை ஒட்டி ஒரு சிறு பை இருக்கிறது. துடிப்பு ஒழுங்கு தவறினால் மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்கும். இரத்தம் அந்தப் பையில் தேங்கும், தேங்கினால் உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்தான். வால்வு நோய் இல்லாதவர்களுக்கு இடது மேலறையில் உருவாகும் கட்டிகளில் சுமார் 90 விழுக்காடு இந்தப் பையில்தான் உருவாகிறது.

பெரும்பாலோருக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தே போதும். ஆனால் குடலிலோ மூளையிலோ ஏற்கெனவே இரத்தக் கசிவு கண்டவர் என்ன செய்வார்? சிலருக்குத் தொடை நாளம் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, வாட்ச்மேன், அமுலெட் போன்ற சாதனத்தால் அந்தப் பையின் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

அளவெடுத்தால் போதாதா?

போதாது. இந்தப் பை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்குக் கோழி இறக்கை போல, இன்னொருவருக்குக் காலிஃபிளவர் போல, வேறொருவருக்குக் கள்ளிச்செடி போல. வாயும் சரியான வட்டமாக இருக்காது. சாதனம் சிறிதானால் ஓரத்தில் இரத்தம் கசியும், சாதனம் நழுவவும் கூடும். பெரிதானால் சுவரை அளவுக்கு மீறி அழுத்தும். உலோகம் விரியும்போது மென்மையான சுவரும் வளைந்துகொடுக்கும். படத்தில் எடுத்த அளவு இதைக் காட்டாது.

கணினி எப்படி உதவுகிறது?

1. சிடி ஸ்கேன் படங்களிலிருந்து அந்த நோயாளியின் இதயத்தை முப்பரிமாண மாதிரியாக உருவாக்குவார்கள்.
2. வெவ்வேறு அளவுச் சாதனங்களை வெவ்வேறு இடங்களில் கணினியிலேயே வைத்துப் பார்ப்பார்கள்.
3. உலோகம் எவ்வளவு விரியும், சுவரோடு எங்கே ஒட்டும், எங்கே இடைவெளி விழும் என்று கணினி கணக்கிட்டுக் காட்டும்.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிறந்த எஃப்இஆப்ஸ் நிறுவனம் இத்தகைய மென்பொருளை உருவாக்கியது. அதை 200 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒத்திகை இல்லாத குழுவுக்கு 118 சாதனங்கள் தேவைப்பட்டன. ஒத்திகை பார்த்த குழுவுக்கு 103 போதுமாக இருந்தது. சாதனத்தை இடம் மாற்றி வைத்ததும் 195 முறையிலிருந்து 104ஆகக் குறைந்தது. இதயத்துக்குள் ஒவ்வொரு முறை இடம் மாற்றுவதும் நோயாளிக்குக் கூடுதல் நேரம், கூடுதல் ஆபத்து. அதனால்தான் இந்த எண்கள் முக்கியம்.

ஒன்றை மறக்க வேண்டாம். பக்கவாதம் குறைகிறதா என்று நிரூபிக்கும் அளவுக்கு அந்த ஆய்வு பெரியதல்ல. ஸ்கேன் தெளிவில்லை என்றால் கணினியின் கணிப்பும் தவறிப்போகும். கணினி வழி காட்டும். முடிவெடுக்க வேண்டியது மருத்துவர்தான்.

கலந்துரையாட:

1. மருந்து இருக்கும்போது சிலருக்கு மட்டும் இந்தச் சிகிச்சை ஏன் தேவைப்படுகிறது?
2. பையின் வாயை அளந்தால் மட்டும் ஏன் போதாது?
3. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசியாக எப்போது இதயத் துடிப்பைப் பரிசோதித்தார்கள்? இன்றே கேட்டுப் பாருங்கள்.