பெண் பிள்ளைகளின் வயிற்று வலி

தேர்வுக் காலம் நெருங்கினால், உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பெண் பிள்ளைகள் சிலர் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிடுவதை நம் குறிஞ்சிப்பாடி வட்டாரத்துத் தாய்மார்கள் கண்டிருப்பார்கள். பள்ளிக்குப் போகாதிருக்கச் சாக்கு என்று அதட்டுவோர் உண்டு. வேப்பிலை அடிக்க அழைத்துச் செல்வோரும் உண்டு. இரண்டும் தவறு. வலி மெய்யானது.

நம் குடலில் பல கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை மூளையுடன் ஓயாது செய்தி பரிமாறுகின்றன. அச்சமும் கவலையும் மிகுந்தால் குடல் சில வேளை விரைந்தும் சில வேளை மந்தமாகவும் இயங்கும். சிறிது வாயு சேர்ந்தாலும் வலியாகத் தோன்றும். சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி. இதனைக் குடல் எரிச்சல் நோய் என்பர். பெயர் அவ்வாறாயினும் குடலில் புண்ணோ கட்டியோ இராது. ஆகவே, சோதனையில் ஒன்றும் தென்படவில்லை என்பதைக் கொண்டு பிள்ளை பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டலாகாது. அடிக்கடி விடுப்பு எடுக்கிறாள் என்று படிப்பை நிறுத்துவது அதனினும் கொடிது.

ஆயினும் எல்லா வயிற்று வலியும் இதுவன்று. மலத்தில் இரத்தம், காய்ச்சல், உடல் மெலிவு, ஓயாத வாந்தி, உறக்கத்தினின்று எழுப்பும் வலி, வலப்புற அடிவயிற்றில் நிலைத்த வலி ஆகியவற்றில் ஒன்று காணினும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அதன் அருகிலேயே நம் பெண்கள் பேருந்துக்காக வெறும் வயிற்றுடன் ஓடுகிறார்கள்! 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. பெரிய பெண்ணுக்கு வீடுதான் உணவளிக்க வேண்டும். உண்டபின் கழிப்பறைக்குச் செல்லச் சிறிது நேரமும் வேண்டும்.

பள்ளியொன்றைப் பார்வையிட்டபோது அனைவரும் எனக்குப் புதிய வகுப்பறையைக் காட்டினர்; மாணவி ஒருத்தி மட்டும் தாழ்ப்பாளில்லாக் கழிப்பறைக் கதவைக் காட்டினாள். இத்தகைய பள்ளியில் பெண்கள் மாலை வரை அடக்கிக்கொள்கின்றனர். அதற்காகத் தண்ணீர் அருந்துவதையே குறைக்கின்றனர். மலம் இறுகுகிறது, வலி பெருகுகிறது. இதற்கு மருந்துக்கடையில் மருந்தில்லை. தாழ்ப்பாள், குழாய்நீர், அன்றாடத் துப்புரவு ஆகிய மூன்றும் ஊராட்சி உறுப்பினர்கள் கேட்டு முடிக்கக்கூடிய வேலைகளே. அடுத்த கிராம சபைக்கு முன் உறுப்பினர்கள், முடிந்தால் பெண் உறுப்பினர்களே, பள்ளிக்குச் சென்று அக்கதவை ஒருமுறை சாத்திப் பார்க்கலாம்.

பிள்ளையின் கவலை தீராதிருப்பின் கிராம சுகாதாரச் செவிலியரை அணுகலாம். 104 என்ற எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.